கருங்கொம்புக் கோட்டையின் ஏழு கற்கள்

எனக்குக் கத்தத் தெரியும். மைசூரில் அந்த நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் பதினோரு வருஷம் நர்ஸாக இருந்தேன். கத்துவதற்குத்தான் மெட்டில்டாவுக்குச் சம்பளம் என்று பெரிய டாக்டரே கேலி செய்வார். "யார் அங்கே வெளியில துப்பறது?" என்று வராந்தாவில் நின்று கேட்டேனென்றால் தோட்டத்துக் கடைசியில் இருப்பவன்கூட வாயைப் பொத்திக்கொள்வான். ஆனால் நோயாளிகள் கத்தக்கூடாது. உரக்கப் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, பாடவும் கூடாது. புண்பட்ட நுரையீரலுக்கு ஓய்வு வேண்டும். அந்தச் சட்டத்தைக் காப்பாற்றத்தான் நான் கத்திக்கொண்டே இருந்தேன்.

ஐம்பத்து நாலாம் வருஷம் தசரா முடிந்த வாரம் அது. காலையில் வார்டுக்குள் நுழைகிறேன், சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குக் காகிதம் ஒட்டியிருக்கிறது. எட்டு மலை, எட்டு மலைமேலும் எட்டுக் கோட்டை, நடுவில் சிவப்பாக ஒரு பள்ளத்தாக்கு. மூன்றாம் படுக்கை கைலாசநாதனின் வேலை என்று பார்த்தவுடனே தெரிந்தது. ரயில்வே பட்டறையில் வரைபடம் போடுகிறவர். ரெண்டு வருஷமாகப் படுக்கையில் இருந்தார். ஆபீஸ் நண்பர்கள் ஆரஞ்சுப் பழம் கொண்டுவருவதற்குப் பதிலாகக் காகிதச் சுருளும் பென்சிலும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்.

"என்ன இது கண்றாவி? சுவரெல்லாம் பசை!" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்கோ சிஸ்டர். இது வேற கிரகம். இங்கே இருக்கறவா மூசர்கள். எல்லாரும் யுத்தவீரா. ஆளுக்கு நாலு கை. நுரையீரல் மட்டும் கிடையாது."

"நுரையீரல் இல்லாம?"

"தோலாலயே மூச்சு. அதனால இருமல் கிடையாது, எக்ஸ்ரே கிடையாது, ஊசியும் கிடையாது" என்றார் அவர். ரொம்ப சந்தோஷமாகச் சொன்னார்.

மூசர்களில் எட்டுக் குலமாம். குலத்துக்கு ஒரு கோட்டை. பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அந்த மதிலுக்குள்தான். வார்டில் எட்டுப் படுக்கை இருந்ததால் படுக்கைக்கு ஒரு கோட்டையைப் பங்கு போட்டுவிட்டார். அவருடையது நீலக்கொத்தளம். முதல் படுக்கை இஸ்ரவேல் வாத்தியாருக்கு ஏழாம்வாசல். ஐந்தாம் படுக்கையில் புதிதாக வந்திருந்த பழனிக்குக் கருங்கொம்பு.

"எதிரி வந்தா கூப்பாடு போட யாராவது வேணுமே சிஸ்டர்? இவாளுக்குத்தான் நுரையீரல் இல்லையே, சத்தம் வராது. அதனால பூமியிலேர்ந்து நுரையீரல் உள்ள ஒரு பிராணியைப் பிடிச்சுண்டு வந்து வச்சிருக்கா. எட்டுக் கோட்டைக்கும் சேர்த்து ஒண்ணு. அதுக்குக் கூவின்னு பேர்."

எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். இஸ்ரவேல் வாத்தியார் போர்வையைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்.

"பிராணியா? நானா? மாதாவே! உங்களுக்குப் பெட்பேன் எடுத்து வைக்கிறேனே, எனக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்!" என்று நான் போட்ட சத்தத்தில் அந்தப் பேர் உறுதியாகிவிட்டது. அன்று மத்தியானம் மூன்றாம் படுக்கைக்கு ஊசி போட்டபோது கொஞ்சம் அழுத்தித்தான் போட்டேன்.

காகிதத்தைக் கிழிக்கத்தான் நினைத்தேன். கிழிக்காததற்குக் காரணம் ஒரு முட்டை. இஸ்ரவேல் வாத்தியார் முட்டையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். அன்று முழுசாகத் தின்றார். கேட்டால், ஏழாம்வாசல் காவல்காரனுக்குத் தெம்பு வேண்டுமாம். அட, அப்படியா சங்கதி என்று எனக்குள் ஒரு யோசனை ஓடியது. நானே போய்க் காகிதத்தின் முன்னால் நின்றேன்.

"இனிமே இது என் சட்டம். சனிக்கிழமை எடை பார்க்கும்போது ஒரு ராத்தல் ஏறினா உங்க கோட்டைக்கு ஒரு சுற்று மதில். ஒரு ராத்தல் இறங்கினா ஒரு சுற்று இடியும். சம்மதமா?"

ஒப்புக்கொண்டார்கள். கேட்கவேண்டுமா! கஞ்சிக் கிண்ணங்கள் கழுவி வைத்ததுபோல் காலியாகத் திரும்பின. வாரா வாரம் கைலாசநாதன் ஸ்கேல் வைத்து மதில் வரைந்தார். அவருக்கு மட்டும் எடை ஏறவே இல்லை. நீலக்கொத்தளத்துக்கு மூன்று வாரத்தில் ஒரே ஒரு சுற்று. அதை அவர் ரொம்ப அழகாக, கல் கல்லாக வரைந்து வைத்திருந்தார்.

என் நெஞ்சில் பாரமாக இருந்தவன் பழனிதான். இருபத்தைந்து வயது, ஹனூர் பக்கம் வண்டி ஓட்டுகிறவன். ஒரு மூட்டை ராகியை ஒற்றைக் கையால் தூக்கி வண்டியில் போட்டவனாம். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது எண்பத்து நாலு ராத்தல் இருந்தான். வலது நுரையீரலில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஓட்டை. மனைவி சித்தம்மாவுக்குப் பிள்ளை பிறந்து நாலு மாசம். ஒரே ஒரு தடவை பஸ் ஏறி வந்தாள். கைக்குழந்தையை உள்ளே விடக்கூடாது என்று நான்தான் கேட்டிலேயே நிறுத்தினேன். அவன் ஜன்னலில் நின்று கையாட்டினான். அந்தத் தூரத்திலிருந்து குழந்தையின் துணி மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"எப்பங் சிஸ்டர் நா எம் புள்ளைய எடுக்கறது?" என்று கேட்டான்.

"மருந்தைச் சாப்பிடு. சாப்பாட்டைச் சாப்பிடு. மூணு தடவை சளியில கிருமி இல்லன்னு வரட்டும். அப்புறம் எடு."

மருந்து என்றால் சும்மா இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி. தினமும் பாஸ் பவுடர், ஒரு கை நிறைய. வாயில் போட்டால் குடலே புரளும். சாப்பாட்டின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். ஆனாலும் பழனி எடை ஏறினான். எண்பத்தைந்து, எண்பத்தாறு என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, ஏழாவது வாரத்துக்குள் கருங்கொம்புக்கு நாலு மதில். ஆள் மட்டும் முன்னைவிட வாடித் தெரிந்தான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. எடை மிஷின் பொய் சொல்லுமா என்று நான் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். எனக்கு நன்றாக வேண்டும்!

அந்த நாட்களில்தான் தோட்டத்தில் பூப்பாத்தியைச் சுற்றி வைத்திருந்த கூழாங்கற்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. தோட்டக்கார மல்லம்மாவைக் கூப்பிட்டு, "கல்லைக்கூட விடமாட்டியா?" என்று கத்தினேன். பாவம், அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். நான் நம்பவில்லை.

ஏழாவது சனிக்கிழமை. வார்டு ஆள் தொட்டையன் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தான். பழனி ஏறி நின்றான். தண்டில் குண்டை நகர்த்திப் பார்த்தேன், எண்பத்தொன்பது. "சபாஷ், அஞ்சாவது மதில்" என்றேன். மற்றவர்கள் டம்ளரை மெதுவாகத் தட்டினார்கள். கைதட்டுவதற்குப் பதில் அதுதான் அவர்கள் வழக்கம். அப்போது பழனிக்கு ஒரு இருமல் வந்தது. குனிந்தான். இடுப்புத் துணி அவிழ்ந்து ஒரு கல் தொட்டையனின் கால் விரலில் விழுந்தது.

"அய்யய்யப்பா! நன்ன காலு!" என்று தொட்டையன் ஒற்றைக் காலில் குதித்தான்.

இன்னொரு கல் விழுந்தது. அப்புறம் இன்னொன்று.  பழனியின் சட்டையை விலக்கி நானே மீதியை எடுத்தேன். வேட்டியைக் கிழித்துப் பை தைத்து இடுப்பில் கட்டியிருந்தான். ஏழு கல். ஒவ்வொன்றும் ஒரு ராத்தல் சுமாருக்குப் பொறுக்கி எடுத்தவை. வாரத்துக்கு ஒன்று. மிஷினின் தண்டு டக்கென்று கீழே இறங்கியது. குண்டை நகர்த்திப் பார்த்தால் எண்பத்திரண்டு.

ஏழு கல்லில் ரெண்டு, அவன் உடம்பிலிருந்து போன ரெண்டு ராத்தலுக்கு. மீதி ஐந்தும் பொய் மதிலுக்கு.

"எதுக்குடா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"எல்லாத்துக்கும் மதிலு இருக்குதுங். எனக்கு ஒண்ணுகூட இல்லாம எப்படீங் படுக்கறது? ஒரு மூட்டைய ஒத்தக் கையில தூக்குனவனுங் நானு." அழுதான். "அந்தப் பவுடர என்னால முடியிலீங் சிஸ்டர். ஜன்னலுக்கு வெளிய குரோட்டன்ஸ் தொட்டில கொட்டீட்டனுங்."

நான் காகிதத்தைப் பிய்க்கச் சுவரை நோக்கிப் போனேன். ஆத்திரம் அவன்மேல் இல்லை. மதில் சட்டம் போட்டவள் யார்? அவனைக் கல் கட்ட வைத்தவள் நான். ஒரு மூலையைக் கிழித்தும் விட்டேன்.

"நில்லுங்கோ சிஸ்டர்!" கைலாசநாதன் எழுந்து உட்கார்ந்திருந்தார். அப்படிச் சட்டென்று எழுந்து உட்கார அவருக்கு அனுமதி இல்லை. "மூசர்களுக்கு இதுக்கு ஒரு சட்டம் இருக்கு."

"சாகு! உங்க மூசரும் சாகு, உங்க சட்டமும் சாகு!" கோபம் வந்தால் எனக்குக் கன்னடம்தான் முன்னால் வரும்; சாகு என்றால் போதும்.

"ஒரு கோட்டை பொய் மதில் கட்டிருந்தா, அதுமேல யாரும் படையெடுக்கப்படாது. மத்த ஏழு கோட்டையும் தன் மதில்ல ஒரு சுற்றை இடிச்சு அதுக்குக் கொடுக்கணும். கொடுத்தப்புறம் அந்தக் கோட்டை விழுந்தா ஏழு குலத்துக்கும் மானம் போச்சு. அதனால விழவிடமாட்டா." அந்த நிமிஷம் அவர் அதைக் கற்பனை செய்து சொன்னார் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் ரப்பரை எடுத்து, தொட்டையனைக் காகிதத்தைப் பிடிக்கச் சொல்லி, நீலக்கொத்தளத்தின் அந்த ஒரே மதிலை அழித்தார். அவருக்கு இனி ஒன்றும் இல்லை. மற்ற ஆறு பேரும் ரப்பருக்குக் கை நீட்டினார்கள்.

சின்ன டாக்டர் ஸ்ரீகண்டனுக்கு விஷயம் போகாமலா இருக்கும்? சிவந்த முகத்தோடு வந்து நின்றார்.

"மிஸ் மெட்டில்டா, இது வார்டா, டிராமா கொட்டகையா? ஏழு வாரம் தப்பு எடையை நம்பி நான் ட்ரீட்மெண்ட் கொடுத்திருக்கேன். அந்தப் பேப்பரைக் கொளுத்துங்க. அவனைக் கடைசி ரூமுக்கு மாத்துங்க."

கடைசி ரூம் வராந்தாக் கோடியில் இருந்தது. அங்கே போனவர்கள் நடந்து திரும்பியதை நான் பார்த்ததில்லை. நான் எத்தனையோ பேரை வாயடைக்க வைத்திருக்கிறேன், ஆனால் டாக்டரிடம் எதிர்த்துப் பேசியதில்லை. அன்று பேசினேன்.

"தப்பு என்னோடது டாக்டர். மதில் சட்டம் நான் போட்டது. நாலு சனிக்கிழமை கொடுங்க. வந்த அன்னைக்கு இருந்த எண்பத்து நாலை அவன் தாண்டலைன்னா நானே பேப்பரைக் கொளுத்தி, நானே அவனைக் கடைசி ரூமுக்குக் கூட்டிட்டுப் போறேன். என் வேலையையும் எடுத்துக்குங்க."

அவர் என்னையே பார்த்தார். "நாலு. அஞ்சாவது கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏழு பேர், ஏழு நாள். ஆளுக்கு ஒரு நாள் பழனியின் காவல் என்று பிரித்துக்கொண்டார்கள். காவல் என்றால், படுத்த இடத்திலிருந்தே அவன் பவுடர் விழுங்கும் வரை கண்ணெடுக்காமல் பார்ப்பது. நான் மண்டி மொஹல்லாவில் என் வீட்டுப் பக்கத்துக் கடையில் அச்சுவெல்லம் வாங்கிக்கொண்டு போவேன். ஒரு வாய் பவுடர், ஒரு கடி வெல்லம். அவன் சட்டியைத் தேடி ஓங்கரித்தால், "கருங்கொம்பா, என் மதில் உன்கிட்ட இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்" என்று முதல் படுக்கையிலிருந்து கிசுகிசுப்பு வரும். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்குவான். ஊர்க் களி வேண்டுமென்றான். சமையற்கட்டில் சண்டை போட்டுக் களி வாங்கி வந்தேன். கைலாசநாதனின் முறை ஞாயிற்றுக்கிழமை. அன்று அவன் மருந்தை உள்ளே தள்ளிய பிறகு கருங்கொம்புக்குள் ஒரு பொருள் வரைவார். முதல் வாரம் மாட்டுக்கொட்டகை. அடுத்த வாரம் கிணறு.

முதல் சனிக்கிழமை எண்பத்தொன்று. இறங்கிவிட்டது! நான் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்து, "என்னத்துக்கு எல்லாரும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க? இன்னும் மூணு இருக்கு" என்று கத்தினேன். ரெண்டாவது சனிக்கிழமையும் அதே எண்பத்தொன்று. மூன்றாவது வாரம் எண்பத்து மூன்று. பழனி அன்று ரெண்டாம் முறை களி கேட்டு வாங்கினான்.

நாலாவது சனிக்கிழமை சின்ன டாக்டரே வந்து மிஷின் பக்கத்தில் நின்றார். பழனி சட்டையைக் கழற்றிப் போட்டான். வேட்டியையும் அவிழ்த்து, கோவணத்தோடு ஏறி, ரெண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டான். தண்டிலிருந்த குண்டை டாக்டரே நகர்த்தினார். எண்பத்து நாலில் வைத்தார், தண்டு மேலேயே நின்றது. எண்பத்தைந்தில் வைத்தார், அப்போதும் இறங்கவில்லை. எண்பத்தாறில்தான் நேராக நின்றது.

டாக்டர் சுவரருகே போய், நான் கிழித்த மூலையை விரலால் அழுத்தி ஒட்டப் பார்த்தார். "பசை இருக்கா?" என்றார் தொட்டையனிடம். ஏழு டம்ளரும் ஒரே நேரத்தில் தட்டப்பட்டன.

அதற்கப்புறம் எல்லாம் ஏறுமுகம். தொண்ணூறு, தொண்ணூற்றெட்டு, நூற்றைந்து. பங்குனிக்குள் நுரையீரல் ஓட்டை நெல்லிக்காயாகச் சுருங்கியது, ஆனியில் எக்ஸ்ரேயில் ஒரு தழும்பு மட்டும் தெரிந்தது. சளிப் பரிசோதனை மூன்று முறையும் சுத்தம். கைலாசநாதன் கருங்கொம்புக்குள் கடைசியாக ஒரு தொட்டில் வரைந்தார். நான் மல்லம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள், "அத நான் அப்பவே சொன்னேனில்ல சிஸ்டர்" என்று ஒரு வாரம் என்னை விடாமல் குத்திக்காட்டினாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆடி மாசம் ஒரு புதன்கிழமை காலை பழனி வீட்டுக்குக் கிளம்பினான். சனிக்கிழமை இல்லாவிட்டாலும் மிஷினைக் கொண்டுவரச் சொன்னான். நூற்றுப் பன்னிரண்டு. பிறகு என் மேஜையிலிருந்த ஏழு கற்களையும் கேட்டான். ஆத்திரத்தில் அன்று உள்ளே போட்டுப் பூட்டியவை அப்படியே இருந்தன. ஏழையும் துண்டில் கட்டி, ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய், பூப்பாத்தியைச் சுற்றி இருந்த இடத்திலேயே ஒவ்வொன்றாகப் பதித்தான். மூச்சு வாங்கவில்லை.

திரும்பி வந்து காகிதத்தின் முன் நின்றான். "ஏழு கோட்டைக்கும் அவங்கவங்க மதில் ஏழும் திருப்பிக் குடுத்தறேனுங். என்னோட இருவத்தெட்டு மதிலும் அண்ணாருக்கு" என்று கைலாசநாதனைக் கும்பிட்டான். "நீங்களும் இதே கேட்டு வழியா வரோணும். நா வண்டி கட்டிட்டு வந்து கூட்டிட்டுப் போவனுங்."

"அத்தனை மதிலை வரையவே எனக்கு ஒரு வருஷம் ஆகுமே" என்றார் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். அவர் அதை முழுசாக வரைந்து முடித்து, அடுத்த வருஷம் பழனியின் மாட்டு வண்டியிலேயே ஊர் போய்ச் சேர்ந்தார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பழனி படியிறங்கிப் போனான். கேட்டுக்கு வெளியே சித்தம்மா நின்றிருந்தாள், இடுப்பில் ஒரு வயதுப் பிள்ளை. ஏழு பேரும் ஜன்னல்களில் வந்து நின்றார்கள். ரெண்டு ரெண்டு பேராக முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு கைகளைத் தூக்கினார்கள். நாலு கை மூசர்களாம்! மிச்சமாக நின்ற கைலாசநாதனுக்குத் தொட்டையன் முதுகு கொடுத்தான்.

"சிஸ்டர்" என்று கைலாசநாதன் கிசுகிசுத்தார். "ஒரு குலத்தலைவன் யுத்தத்துல ஜெயிச்சு வெளியே போறப்போ அவன் கோட்டைப் பேரைச் சொல்லிக் கூவணும். எங்க யாருக்கும் மூச்சு இல்லை."

"என்னால முடியாது. எனக்கு வேற வேலை இல்லையா?"

ஏழு முகமும் என்னையே பார்த்தன.

நான் வராந்தாவுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன். பதினோரு வருஷத்தில் அப்படி நான் கத்தியதில்லை.

"கருங்கொம்ம்ம்ம்பு!"

மரத்துக் காக்காயெல்லாம் பறந்தன. பெரிய டாக்டர் ஸ்டெதஸ்கோப்பும் கையுமாக வெளியே ஓடிவந்தார். கேட்டில் குழந்தை வீரிட்டு அழுதது. பழனி அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பி, ஒற்றைக் கையை உயரத் தூக்கினான்.

"கருங்கொம்பு!" என்று முழுத் தொண்டையில் கத்தினான். அடக்கிப் பேசாத அவன் சொந்தக் குரலை நான் கேட்டது அன்றுதான்.

என் வாய் பழக்கத்தில், "கத்தாதே!" என்று சொல்லத் திறந்தது. மூடிக்கொண்டேன். கத்தினவனுக்குப் பின்னாலேயே இருமல் வரும், அதற்காகக் கையைப் பிசைந்துகொண்டு காத்திருந்தேன். சித்தம்மா மூட்டையை எடுத்துக்கொண்டாள். அவன் பிள்ளையைத் தட்டிக்கொடுத்தபடி பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தான். அவன் திருப்பத்தில் மறையும் வரை காது கொடுத்து நின்றேன். இருமல் வரவே இல்லை.